ஆறவைத்து எடுத்த அளவு

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி, கேபிளின் வாயில் இருந்த தங்க நிறப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் அடுப்பக்கா. மொத்தம் அறுபது பற்கள். ஒன்றில் தூசி இருந்தாலும் மறுநாள் காலை எடுக்கவேண்டிய அளவு கோணலாக வரும். கைக்குழந்தையின் காதைத் துடைப்பதைப் போல, அழுத்தாமல், அதே சமயம் ஒரு மடிப்பையும் விடாமல் துடைத்தாள்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத அந்த நீள அறையில், பீரோ உயரத்துக்கு நிற்கும் சூட்டுப் பெட்டிக்கு அடுப்பு என்று பேர். அதைப் பார்த்துக்கொள்கிறவள் அடுப்பக்கா.

"வீட்லயும் அடுப்பு, இங்கயும் அடுப்பு. உனக்கு வேற வேலையே தெரியாதா?" என்று ஸ்டோர்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"தெரியுமே. உங்களை உள்ள வெச்சு ஆயிரம் மணி நேரம் வேகவெக்கவா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கேட்ட பொருள் மட்டும் வராது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பு. பத்தொன்பது வருடம் கீழ்த்தளத்தில் திரைகளைப் பெட்டியில் அடுக்கினாள். அத்தனை வருடத்தில் ஒரு கண்ணாடிகூட அவள் கையில் உடைந்ததில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றபோது, "உடைக்காத கை" என்பதற்காகவே அவளை மேலே கூப்பிட்டார்கள்.

அடுப்புக்குள் எழுபது டிகிரி. அந்தச் சூட்டில் ஆறு கண்ணாடித் திரைகள் ராப்பகலாக விளக்குப் போல எரிந்துகொண்டிருந்தன. இவை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நாடித் துடிப்பைக் காட்டுகிற கருவிக்கான திரைகள். சீக்கிரம் கெட்டுப்போனால் நோயாளியின் துடிப்பு மேல் குறுக்குக் கோடு விழும். எத்தனை வருடம் தாங்கும் என்று காத்திருந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் ஆயிரம் மணி நேரம் சூட்டில் வாட்டி, எவ்வளவு தளர்ந்தது என்று அளந்து பார்ப்பார்கள். அளப்பது அவள் வேலை, அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான்.

தளர்வது கண்ணாடி இல்லை. அதன் ஓரத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள். திரையின் ஒவ்வொரு வரிக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முறை வேலை வரும், மீதி நேரமெல்லாம் அந்த வரி சத்தம் போடாமல் கிடக்க வேண்டும். அதை அப்படி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு டிரான்சிஸ்டர். அதற்கு இடைவேளையே கிடையாது. நாள்பட நாள்பட மரத்துப்போகும். முதலில் மூன்று வோல்ட் தட்டினால் விழித்துக்கொண்டது, பிறகு ஐந்து கேட்கும், ஒன்பது கேட்கும். ஒரு நாள் எவ்வளவு தட்டினாலும் எழாது. பழைய சர்க்யூட் ஆயிரம் மணியில் ஆறு வோல்ட் தளர்ந்தது. வாங்க வந்தவர்கள் இரண்டுக்கு மேல் போனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சர்க்யூட்டை வடிவமைக்கும் டிசைனர் ஒரு வழி கண்டுபிடித்தாள். முப்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிறவள். ஒரு வரிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு டிரான்சிஸ்டர். இரண்டு விநாடி ஒன்று பிடிக்கும், அடுத்த இரண்டு விநாடி மற்றது. சும்மா இருக்கிறதற்கு எதிர்ப்பக்கத்து அழுத்தம் கொடுத்தால் ஏறிய களைப்பு இறங்கும். மூன்று நாளுக்கு ஒரு முறையாகப் பதின்மூன்று தடவை அடுப்பக்கா அளந்தாயிற்று. கடைசியாக எழுதிய எண் ஒன்று புள்ளி ஒன்று. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆயிரம் மணி நேரம் முடியும். கடைசி அளவு. பத்து மணிக்கு வாங்குகிறவர்கள் வருவார்கள்.

"இந்த ஒரு ரிசல்ட் வந்துட்டாப் போதும்மா" என்று மேனேஜர் அன்றைக்கு மட்டும் நான்கு முறை அறைக்குள் எட்டிப்பார்த்துச் சொன்னார். "வரலைன்னா மாசக் கடைசியில இந்தப் பிரிவைப் பூட்டு போட்டு மூடிடுவாங்க. பதினோரு பேர்."

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வீட்டில் கணவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. அவருக்கு ஆக்ஸிஜன் மெஷின், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் நடந்தது. வேலை போனால் அன்றைக்கே அட்டையும் போகும்.

கேபிளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் இப்போது ஜன்னலோர நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிற பஸ்களுக்கெல்லாம் அங்கிருந்தே குறை சொல்வார். அவள் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் நர்ஸ் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டாள். புதியவள், தடித்த குரல். அவருடைய ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அடுப்பக்கா தினமும் எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினாள். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று நாலு.

"இதெல்லாம் எப்ப எடுத்தது?"

"காலையில அவர் பாத்ரூம் போயிட்டு வந்ததும்."

"வந்ததுமா?"

டிரைவர் குறுக்கே வந்தார். "வந்து கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, அப்புறம்தான். வந்த உடனே வெச்சா மெஷின் பயந்துடும்."

"எவ்வளவு நேரம் மூச்சு வாங்குவீங்க?"

"ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம்."

நர்ஸ் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க சார், சமையல்கட்டு வரைக்கும் ரெண்டு நடை. குழாயைக் கழட்டிடறேன்."

"டிக்கெட் எடுத்தாத்தான் வண்டி நகரும்" என்றார். ஆனாலும் நடந்தார். இரண்டாவது நடையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் அவரை நிற்கவைத்தே விரலில் கிளிப்பை மாட்டினாள். எண்பத்து மூன்று.

அடுப்பக்கா அந்த எண்ணைப் பார்த்தாள். கிளிப்பைச் சரியாக மாட்டவில்லை என்று நினைத்து, தானே கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். எண்பத்து இரண்டு.

"உக்காரவெச்சுப் பாத்தா எல்லாருக்கும் நல்லாத்தாம்மா இருக்கும்" என்றாள் நர்ஸ், குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டே. "நாள் முழுக்க நின்னு வீங்கின காலை, காலையில எழுந்ததும் பாத்து வீக்கமே இல்லைன்னு எழுதினா எப்படி? கஷ்டப்படும்போது பாக்கணும். இந்த மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டுங்க. மெஷினை மாத்தவேண்டி வரும்."

அவள் போன பிறகு டிரைவர் மெதுவாகச் சொன்னார். "நல்ல நம்பரா வந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்னுதான்."

"பஸ்ஸை நிறுத்தி வெச்சுட்டு பிரேக் நல்லா பிடிக்குதுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். கோபத்தோடு ஆரம்பித்த வாக்கியம் முடியும்போது அவள் குரல் எங்கோ போயிருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அடுப்பின் பக்கத்துத் துளை வழியே போகும் கேபிள் கருகிப்போனது. அந்தக் கேபிள் இருந்தவரை, திரையை வெளியே எடுக்காமல், எரியும்போதே அளக்கலாம். முன்னால் இருந்த பெரியவர் அப்படித்தான் அளந்தார். பழைய சர்க்யூட்டின் ஆறு வோல்ட்டும் அப்படி எடுத்த எண்தான். புதுக் கேபிளுக்கு அவள் மூன்று முறை சீட்டு எழுதினாள். ஸ்டோரில் இல்லை. முதல் அளவுக்குத் திரையைச் சூட்டோடு வெளியே எடுத்ததும் இரண்டு கண்ணாடி சடசடவென்று விரிசல் விட்டன. இருபத்தோரு வருடத்தில் முதல்முறை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அதற்குப் பிறகு அவளே ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டாள். மின்சாரத்தை நிறுத்தி, கதவை விரலளவு திறந்து வைத்து, நாற்பது நிமிடம் ஆறவிட்டு, பிறகு எடுத்து, வெளியே இருக்கும் சாதாரணக் கேபிளில் அளப்பாள். புதுக் கண்ணாடி இரண்டு வைத்து மணிக்கணக்கை முதலிலிருந்து தொடங்கினார்கள், அதற்கப்புறம் ஒன்றும் உடையவில்லை. "இதுதான் கை" என்று மேனேஜரே சொன்னார்.

நாற்பது நிமிடம் உட்காரவைத்து அளந்திருக்கிறாள். பதின்மூன்று தடவையும்.

சமையலுக்கு அடுப்பை ஏற்றாமலே டிசைனருக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா. நாளைக்கு என்ன கலர் டிரஸ் போடலாம்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. கரண்டை நிறுத்திட்டு நாப்பது நிமிஷம் ஆறவிட்டு அளந்தா, டிரான்சிஸ்டர் கொஞ்சம் தேறிக்குமா?"

"தேறும். அதான் நம்ம சர்க்யூட்டோட அடிப்படையே. ஓய்வு கொடுத்தா தேறும். ஏன், யார் அப்படி அளக்கிறா?"

"நான்தான்."

பேனா மூடி பல்லில் படும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

"அடுப்புக்குள்ளயே வெச்சு அளக்கணும்னு தாள்ல போட்டிருக்கேனே அக்கா!"

"கேபிள் கருகிடுச்சு. சீட்டு எழுதிக் கொடுத்தேன். நீங்க ஒரு நாள் மேல வந்து பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். குற்றத்தைப் பங்கு போட்டால் குறைந்துவிடாது.

"எவ்வளவு வித்தியாசம் வரும்?" என்று கேட்டாள்.

"தெரியலை. ரெண்டுக்குள்ளயே கூட இருக்கலாம். இல்ல மூணு, நாலு..." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "மூணு வருஷம்க்கா. ஒரு லீவு எடுத்ததில்ல. எங்கப்பா செத்தப்போகூட மூணாம் நாள் வந்துட்டேன். இப்ப வந்து சொல்றீங்களே, நாளைக்குக் காலையில முடியப் போறப்ப."

"இப்பத்தான் தெரிஞ்சுது."

பிறகு டிசைனர், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பவள் போலச் சொன்னாள். "நீங்க எனக்குப் போன் பண்ணலை. நாளைக்கு எப்பவும் போல செய்ங்க. நாப்பது நிமிஷம். அப்புறம் அடுத்த பேட்ச்ல சரி பண்ணிக்கலாம்."

"அடுத்த பேட்ச்சுக்குள்ள இது ஆஸ்பத்திரிக்குப் போயிடுமே."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இரண்டு அறைக்கு நடுவே கதவு கிடையாது. அவள் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவருடைய மெஷின் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் கம்பெனி அட்டையின் எண் இருந்தது.

"சொன்னா இது போயிடும்" என்று மெஷினைக் காட்டினாள்.

"சொல்லலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒண்ணும் ஆகாது. எவனோ ஒருத்தன் கட்டில்ல கிடப்பான். நர்ஸ் திரையைப் பாப்பா. துடிப்பு மேல கோடு விழுந்திருக்கும். அவ்வளவுதான்."

"நடக்கலாம், நடக்காமலும் போகலாம்."

"அதைத்தான் நானும் அரை மணி நேரமா எனக்குச் சொல்லிட்டிருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் முதுகைத் தட்டவில்லை. தட்டினால் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். முன்னால் சாய்த்து, முழங்கையைத் தொடையில் ஊன்றவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி.

"என்னைக் காரணம் காட்டாதே" என்று கடைசியில் சொன்னார். "போடறதானாலும் சரி, போடாட்டியும் சரி. கையெழுத்து உன்னோடது. நான் வெறும் பாசஞ்சர்."

"எப்பவும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து சாதத்தை வைத்தாள். இரண்டு பேரும் பாதிதான் சாப்பிட்டார்கள்.

அன்று இரவு என்ன யோசித்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. யோசிக்கவில்லை. வேறு எங்கே வேலை கிடைக்கும், பத்தாம் வகுப்புக்கும் ஐம்பத்திரண்டு வயதுக்கும் யார் அட்டை கொடுப்பார்கள், மகளிடம் கேட்கலாமா, அவளே இரண்டு பிள்ளையோடு அடுத்த ஊரில் திண்டாடுகிறாளே என்று செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றிவந்தாள். எங்கே சுற்றினாலும் எண்பத்து மூன்றில் வந்து நின்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அறைக்குப் போனாள். விளக்கு ஏற்கெனவே எரிந்தது. அடுப்புக்கு முன்னால் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு டிசைனர் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் போட்ட உடைதான்.

"நீங்க எப்பவும் போல செஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்து வந்தேன்" என்றாள். "செய்யாம விட்டா என்ன பண்றதுன்னும் பயந்து வந்தேன்."

"மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க. ஆள் தேவைப்படுது."

அடுப்புக் கதவு முழுதாக மூடாவிட்டால் சூடு தானாக அணைந்துவிடும். அதற்குக் கதவுச் சட்டத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதைத் தொடக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்ததால் அவள் ஒருநாளும் தொட்டதில்லை. இன்று பொத்தானை அமுக்கி மேலே டேப் ஒட்டச் சொன்னாள். துடைத்து வைத்த கேபிள் பக்கத்துத் துளையில் நுழையாது, அதைக் கதவு இடுக்கு வழியே உள்ளே விட்டாள். இடுக்கைச் சுற்றிச் சூடு தாங்கும் பஞ்சை அடைத்தாள். தடித்த கையுறைக்குள் விரல் வியர்த்தது. எரிந்துகொண்டிருக்கும் திரையின் ஓரத்தில், பார்க்காமல், தடவிப் பார்த்தே இணைப்பைப் பொருத்தினாள். கண்ணாடி விரிசல் விடவில்லை. முழு வேலைக்கும் இருபது நிமிடம்தான் ஆயிற்று. இதை முதல் நாளே செய்திருக்கலாம். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு அளந்தார்கள். முதல் திரை இரண்டு புள்ளி ஏழு. இரண்டாவது இரண்டு புள்ளி ஒன்பது. ஆறாவது மூன்றைத் தொட்டது.

டிசைனர் அடுப்புக் கதவில் நெற்றியைச் சாய்த்தாள். கதவின் வெளிப்பக்கமும் சூடுதான், ஆனாலும் எடுக்கவில்லை. "பாதியாக் குறைஞ்சிருக்கு" என்றாள். "ஆறு இருந்தது மூணு ஆயிருக்கு. வேலை செய்யுதுக்கா. பத்தலை, அவ்வளவுதான்."

"எழுதுங்க அதையும்."

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, நாற்பது நிமிடம் ஆறவிட்டு, அதே ஆறு திரைகளையும் மறுபடி அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி இரண்டு. ஏட்டில் இரண்டு வரிசையாக எழுதினாள். இடப்பக்கம் சூட்டோடு எடுத்தது, வலப்பக்கம் ஆறவைத்தது. கீழே, இதற்கு முன் எழுதிய பதின்மூன்று அளவும் ஆறவைத்து எடுத்தவை, பழைய சர்க்யூட்டோடு ஒப்பிடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள். டிசைனர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மூடியைக் கடிக்கவில்லை. பிறகு தானும் போட்டாள்.

மேனேஜர் படித்தார். மறுபடி படித்தார். ஏட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல எந்த நம்பரைம்மா அவங்ககிட்ட சொல்றது?"

"ரெண்டையும் சார்."

"உனக்குப் பைத்தியமா? பதினோரு பேர்!"

"எனக்கு எண்ணத் தெரியும் சார். அதுல நானும் ஒருத்தி."

அவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். கிழிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். கிழிக்கவில்லை. மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

பத்து மணிக்கு வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஏட்டைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் அடுப்பக்காவிடம் நேராகக் கேட்டார். "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"தப்புப் பண்ணினதும் நான்தான், கண்டுபிடிச்சதும் நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். வைத்த டீயை யாரும் தொடவில்லை. அரை மணியில் கிளம்பிவிட்டார்கள். கடிதத்தில் என்ன இருக்கும் என்று அந்த அறையில் யாருக்கும் சந்தேகமில்லை.

பத்தே முக்காலுக்கு அடுப்பக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நுரையீரல் டாக்டரைப் பார்க்க நாள் வேண்டும் என்றாள்.

"அடுத்த மாசம் அஞ்சாம் தேதி இருக்கும்மா."

"அடுத்த மாசம் வேண்டாம். இந்த மாசத்துக்குள்ள பாருங்க."

"அட்டை இருக்கா?"

"முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கு."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "இருபத்தி ஆறு, காலையில எட்டரை. யாரோ வரலைன்னுட்டாங்க. சீக்கிரம் வந்துடணும்."

"வந்துடறோம். மெஷினை மாத்தவேண்டி வரும்னு நர்ஸ் சொன்னாங்க. அதுக்கான தாளையும் அன்னைக்கே எழுதி வாங்கிக்கலாமா?"

"டாக்டர்கிட்ட கேளுங்க."

"கேக்கறேன்" என்றாள். இருபத்தாறு, எட்டரை என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.